அப்பா விழுந்த இடம்

போன மாதம் நம் வகுப்பில் படித்தவர்கள் எல்லாம் ஆவடியில் ஒரு சின்ன மண்டபத்தில் கூடினோம் அல்லவா? சாப்பாட்டுப் பந்தியில் உங்களில் ஒருத்தி என்னிடம் அன்பாகத்தான் கேட்டாள். "உங்கப்பா இப்ப கீறாராடி? தள்ளாடிக்கினே வந்து ஸ்கூல் கேட்டாண்ட நிப்பாரே. பாவம்டி நீ, அப்படி ஒரு குடிகார அப்பாவை வெச்சிக்கினு எப்படிதான் படிச்சியோ." பக்கத்தில் இருந்தவர்களும் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். எல்லாருக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் சிரித்துவிட்டு இலையில் இருந்த அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. பள்ளியில் பெயர் கூப்பிட்டால் ஆஜர் சொல்லவே திக்கும். பத்தாவதோடு நின்றவள், எழுதுவதும் பெரிதாகப் பழக்கமில்லை. ஆனாலும் அன்று பந்தியில் சொல்லாததை உங்களுக்கு எழுதியாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அப்பா குடித்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். சம்பள நாளில் கொஞ்சம் குடிப்பார். ஆனால் நீங்கள் பார்த்த அந்த நாட்களில் அவர் ஒரு சொட்டும் தொடவில்லை. அவர் தள்ளாடியது தலையில் பட்ட அடியால். வேலை செய்த கட்டடத்திலிருந்து விழுந்தவர் அவர்.

அப்பா கொத்தனார். அம்மா அதே ஆள்கட்டில், அதாவது ஒரே மேஸ்திரிக்குக் கீழே வேலை செய்கிற கூட்டத்தில், சித்தாள். அந்த ஆள்கட்டுக்கு மேஸ்திரி என் மாமா, அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். வெள்ளானூரில் எங்கள் குடும்பத்து நிலம் பிளாட்டாகிப் போனபோது, நெல் வயலில் நின்றவர்களையெல்லாம் கட்டட வேலைக்குக் கூட்டிப்போய்ப் பழக்கியவர் அவர்தான். பட்டாபிராமில் கட்டுகிற வீடோ அம்பத்தூரில் கட்டுகிற வீடோ, மாமா கை காட்டுகிற இடத்தில்தான் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குச் சோறு. அவர் சொன்னால் யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

எங்கள் வீடு அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் தானே கட்டியது. ஒரே அறை, மேலே தளம், வெளியே படிக்கட்டு. படிக்குக் கைப்பிடி இல்லை, மொட்டை மாடியைச் சுற்றிச் சுவரும் இல்லை. அம்மா கேட்டால், "ஊர்ல கீற ஊட்டுக்கெல்லாம் சுவர் வெச்சிட்டு வரேன், அப்பால நம்ப ஊடு" என்பார். அப்படியே ஐந்து வருடம் ஓடியது.

அப்பாவுக்கு மூக்கு கூர்மை. வேலையிடத்தில் மதியம் எல்லாரும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு உட்காரும்போது, மூடியைத் திறப்பதற்குள் அப்பா ஒவ்வொருத்தர் சாப்பாட்டையும் சொல்லிவிடுவார். உன்னுது கத்திரிக்காய் காரக்குழம்பு, உன்னுது நேத்து மீன் குழம்பு, உன் ஊட்ல இன்னைக்கு அடிபிடிச்சிருச்சி என்பார். அடிபிடித்த குழம்புக்காரி மண்ணை அள்ளி அவர் மேல் போடுவாள். அவர் கலவை பூசுகிற கரணைக்கு வேப்பமரத்துப் பிடி, உள்ளங்கை பட்டுப் பட்டு மெழுகு பூசியதுபோல் இருக்கும். அது எங்கே போனதென்று தெரியவில்லை. அன்று வேலையிடத்திலேயே தங்கிவிட்டது, யாரும் திருப்பிக் கொண்டுவரவில்லை.

அந்த நாள் ஒரு சனிக்கிழமை. அம்பத்தூர்ப் பக்கம் ஒரு கட்டடத்தில் இரண்டாவது மாடிக்கு மேல் தளம் போடும் நாள். தளம் போடுகிற அன்று மாலை வேலைக்காரர்களுக்கு வீட்டுக்காரர் பிரியாணி போடுவது வழக்கம். அதற்காகவே பிள்ளைகளும் கூடப் போவோம். நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன்.

தளம் போடுவதில் ஒரு முறை உண்டு. ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்தக் கூடாது. பாதி காய்ந்த காங்கிரீட்டோடு புதுக் காங்கிரீட் ஒட்டாது, பிறகு மழைக்கு அந்த இடம் ஒழுகும். அதனால் கலவை மிஷின் ஓட ஆரம்பித்ததும் பெண்கள் கீழிருந்து மேல்வரை சாரப்பலகையில் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றிக்கொண்டே இருப்பார்கள். கடைசிச் சட்டி கொட்டும்வரை வரிசை அறுபடக் கூடாது. தண்ணீர் குடிக்கப் போனாலும் அடுத்தவள் எட்டி நின்று இரண்டு பேர் வேலையைச் செய்ய வேண்டும். அம்மா அந்த வரிசையில் நடுவில் நின்றிருந்தாள்.

நான் மணல் குவியலில் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மேலே ஓரத்தில் அடைப்புப் பலகை ஒன்று கலவை பாரத்தில் பிதுங்கியது. அப்பா அதை அடித்துச் சரிசெய்ய வெளிப்பக்கச் சாரத்தில் இறங்கி நின்றார். சவுக்குக் கம்பு கட்டியிருந்த கயிறு நழுவியதை நான் பார்த்தேன். அவர் கையில் சுத்தியல் இருந்தது. ஈரமூட்டை விழுவதுபோல் ஒரு சத்தம். மிஷின் இரைச்சலில் அது பலருக்குக் கேட்கக்கூட இல்லை. செங்கல் அடுக்கின் விளிம்பில் பட்டு, மணலில் சரிந்தார்.

அவர் தானே எழுந்துவிட்டார். இதுதான் எல்லாரையும் ஏமாற்றியது. லுங்கியை உதறிக் கட்டிக்கொண்டார், சிரிக்கவும் செய்தார். "ஒண்ணுமில்ல, மணல் மேலதான் வுழுந்தேன்" என்றார். தலையில் ரத்தமில்லை. பின்பக்கம் கோலிகுண்டு அளவு புடைத்திருந்தது. மாமா படியிறங்கி ஓடி வந்தார். அவர் முகத்தில் அப்போது இருந்தது உண்மையான பயம். அதை நான் மறைக்க மாட்டேன். சோடா வாங்கிவரச் சொன்னார், தன் துண்டை நனைத்து அப்பா தலையில் போட்டார், சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்த கொட்டகை நிழலில் உட்காரவைத்தார்.

மிஷினை நிறுத்தலாமா என்று மாமா இன்ஜினியரைக் கேட்டார். இன்ஜினியர் குடை பிடித்து நின்றிருந்தார். பாதித் தளத்தில் நிறுத்தினால் இடித்துத்தான் போட வேண்டும், அதற்கு நீ பொறுப்பா, ஆள்தான் எழுந்து உட்கார்ந்திருக்கிறானே என்றார். மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பாவே கையைக் காட்டி, போங்க போங்க என்றார். அவரும் கொத்தனார்தானே, தளத்தைப் பற்றித்தான் அவருக்கும் கவலை.

என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து விசிறச் சொன்னார்கள். ஒரு சிமெண்ட் பையைக் கிழித்து மடித்து விசிறினேன். கொஞ்ச நேரத்தில் அப்பா தலை வலிக்கிறது என்றார். பிறகு சோடாவையெல்லாம் வாந்தி எடுத்தார். ஓடிப்போய் வரிசையில் நின்ற அம்மாவிடம் சொன்னேன். வெயிலில் நின்ற பித்தம் என்றாள் அவளுக்கு மேலே நின்றவள். திரும்பி வந்தபோது அப்பா படுத்திருந்தார். அவர் காதிலிருந்து தண்ணீர் மாதிரி ஒன்று வழிந்தது. ரத்தமில்லை, வெறும் தண்ணீர். என் பாவாடை நுனியால் துடைத்தேன், மறுபடி வந்தது. தண்ணீர் எடுக்க வந்த ஒரு அக்காவிடம் காட்டினேன். மூஞ்சி கழுவினப்ப பூந்திருக்கும் என்று சொல்லிவிட்டுக் குடத்தோடு போய்விட்டாள். அந்தத் தண்ணீர் மூளையைச் சுற்றியிருப்பது என்பதை எனக்கு முப்பது வயது தாண்டியபிறகு ஒரு நர்ஸ் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அம்மா ஒருமுறை இறங்கி வந்தாள். அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். "தூங்கட்டும். எழுப்பாதே" என்றாள். மேலே வரிசையில் அவள் இடம் காலியாக இருக்கிறதென்று யாரோ கத்தினார்கள். போய்விட்டாள். தலையில் அடிபட்டவரைத் தூங்கவிடக் கூடாது என்று அந்த இடத்தில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவரை நன்றாகத் தூங்கவைத்தோம்.

மாலையில் தளம் முடிந்தது. பிரியாணி வந்தது. மந்தார இலையில் கட்டி எனக்கும் கொடுத்தார்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அவருக்கும் ஒரு பொட்டலம் வைத்திருந்தார்கள். எழுப்பினார்கள். எழுந்திருக்கவில்லை.

இன்ஜினியரின் வேனில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மா மடியில் அப்பாவின் தலை. மாமா முன் சீட்டிலிருந்து திரும்பிப் பேசிக்கொண்டே வந்தார்.

"தங்கச்சி, நல்லா கேட்டுக்கோ. கட்டடத்துலேந்து வுழுந்தாருன்னு சொன்னா போலீஸ் வரும். வேலையை மூடிடுவான். அம்பது குடும்பம் நடுத்தெருவுல நிக்கும். இன்ஜினியர் வைத்தியம் முச்சூடும் பாத்துக்கிறேன்னு என் கையில அடிச்சிக் குடுத்துகிறாரு. நம்ப ஊட்டு மாடிலேந்து வுழுந்தாருன்னு சொல்லிடு. மாடிலதான் சுவரே இல்லியே."

அம்மா குனிந்து அப்பா நெற்றியில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தாள். மாமா என்னைப் பார்த்தார். "பாப்பா, உனக்கும்தான். துணி எடுக்கப் போனாரு, கால் வழுக்கிச்சி. அவ்ளோதான். மாமா இன்னா சொன்னேன், சொல்லு."

நான் சொன்னேன். இரண்டு தடவை சொல்லவைத்தார்.

அவசர சிகிச்சையில் ஒரு இளம் டாக்டர் இருந்தார். மாமா சொன்னதைக் கேட்டுக்கொண்டே அப்பாவின் விரல்களைப் பிரித்துப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் சிமெண்ட். வீட்டு மாடியிலிருந்து விழுந்தவர் கையில் சிமெண்ட் எப்படி என்று கேட்டார். வீட்டிலேயே பூச்சு வேலை நடக்கிறது என்று மாமா உடனே சொன்னார். டாக்டர் நம்பவில்லை. சுற்றிப் பார்த்தார், என் பாவாடையில் இருந்த சிமெண்ட் கறையைப் பார்த்தார். குனிந்து, "நீ கூட இருந்தியாம்மா? அப்பா எங்கேயிருந்து விழுந்தார்?" என்று கேட்டார்.

அதுவரை பெரியவர்கள் யாரும் என்னிடம் இவ்வளவு மரியாதையாக ஒரு கேள்வி கேட்டதில்லை. "எங்க வீட்டு மாடியிலேர்ந்து. துணி எடுக்கப் போனாரு" என்றேன். ஆஜர் சொல்ல வராத எனக்கு, அது திக்காமல் வந்தது. அவர் ஒரு பெரிய நோட்டில் எழுதிக்கொண்டார்.

மண்டையைத் திறந்து உறைந்த ரத்தத்தை எடுத்தார்கள். கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் என்று ஒரு டாக்டர் ஆரம்பித்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஒன்றரை மாதம் கழித்து அப்பா வீட்டுக்கு வந்தார். மொட்டைத் தலையில் லாடம் மாதிரி ஒரு தையல். ஊரெல்லாம் வந்து பார்த்து, பிழைத்ததே பெரிது என்றது. இன்ஜினியர் ஒரு தடவை ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். பிறகு அந்தப் பக்கம் அவரைப் பார்க்கவில்லை.

வந்தவர் எங்கள் அப்பா மாதிரியே இருந்தார், ஆனால் வேறு ஆள். மூக்கு போய்விட்டது. அடுப்பில் குழம்பு தீய்ந்து புகை வந்தாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நடந்தால் இடதுபக்கம் சாய்வார். நாக்கு குழறும். எதிர்பாராமல் கோபம் வரும், தட்டை வீசுவார், அடுத்த நிமிஷம் குழந்தை மாதிரி அழுவார். சாயங்காலம் நான்கு மணியானால் என்னைக் கூட்டிவர வேண்டும் என்று கிளம்பிவிடுவார். பள்ளி கேட்டில் நீங்கள் பார்த்தது அதைத்தான். ஒருநாள் நம் டீச்சர் ஒருவர் வாட்ச்மேனை விட்டு அவரைத் துரத்தினார். நான் பார்த்துக்கொண்டு வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். உங்கள் யாரிடமும் சொல்லவில்லை. குடிகாரர் மகள் என்று நீங்கள் நினைத்தபோது, அதையும் மறுக்கவில்லை. எப்படி விழுந்தார் என்று அடுத்த கேள்வி வருமே என்ற பயம்.

விழுந்த நாள் அவருக்குச் சுத்தமாக நினைவில் இல்லை. அதற்கு முந்தைய வாரமும் இல்லை. தினமும் என்னைக் கேட்பார்: "நான் எப்படிம்மா வுழுந்தேன்?" அக்கம்பக்கம் காது கேட்கும் என்று அம்மா கண்ணைக் காட்டுவாள். மாடியிலிருந்துதான்ப்பா, துணி எடுக்கப் போனே என்பேன். அவர் படியைப் பார்ப்பார். சரி என்பதுபோல் தலையை ஆட்டுவார். மறுநாள் மறுபடி கேட்பார். பல் தேய்ப்பதுபோல் அது தினசரி வேலையாகிவிட்டது. சில மாதத்தில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டு, தானே சொல்ல ஆரம்பித்தார். பச்சைக் கட்டம் போட்ட லுங்கியைக் கொடியிலிருந்து எடுத்தேன், அப்போதுதான் கால் வழுக்கியது என்று நாங்கள் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னார். நினைவு திரும்புகிறது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

அம்மா தனியாக வேலைக்குப் போனாள். அந்தச் சமயம் எங்கள் தெருவில் நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவர் இருந்தார். ஆவடியில் ராணுவத் தளவாட ஃபேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் இருந்தார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அங்கே தொழிற்சங்கத்தில் பொறுப்பு. அம்மா அவர் வீட்டு வேலையில் கல் சுமந்தபோது நடந்ததை அவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டார்.

"வேலை செய்யுத எடத்துல விழுந்தா யார் மேல தப்புங்கிற கேள்வியே கெடையாது தாயி" என்றார். "கயிறு சரியா கட்டினாரா, பாத்து நின்னாரான்னு எவனும் கேக்க முடியாது. வேலையில இருக்கையில விழுந்தாரு, அது போதும். வேலை குடுத்தவன் நஷ்டஈடு குடுக்கணும். ஆளு பொழப்பை இழந்துட்டாருன்னா அதுக்கு ஏத்த மாதிரி குடுக்கணும். இது பிச்சை இல்ல, சட்டம். ரெண்டு வருசத்துக்குள்ள மனு போடணும், இன்னும் நாளிருக்கு."

அம்மா ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினாள். அவர் படித்தார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று திட்டவில்லை. இந்தக் காகிதம் நமக்கு எதிரி, ஆனால் இதுவே முடிவில்லை என்றார். கூட வேலை செய்த இரண்டு பேர் வந்து உண்மையைச் சொன்னால் போதும் என்றார். அம்மா வீடு வீடாகப் போனாள். கதவுக்கு வெளியே நின்றே பதில் சொன்னார்கள். அந்தக் காதுத் தண்ணீர் அக்காவும்தான். எல்லாருக்கும் மாமாதான் சோறு. ஒருவரும் வரவில்லை. கடைசியில் சாட்சி என்று மிச்சமிருந்தது நான் ஒருத்தி.

அந்த மனுவில்தான் எங்கள் எல்லாம் இருந்தது. அப்பாவுக்குக் கைகால் பயிற்சி, மாத்திரை, என் படிப்பு, அம்மா கல் சுமக்காமல் ஒருநாளாவது உட்காருவது.

மனு போட்டது மாமாவுக்குத் தெரியும். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தோம். போடவில்லை. அப்பா மாடிக்குச் சுவர் கட்ட வேண்டும் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தார். "நான் வுழுந்த மாதிரி பாப்பாவும் வுழுந்துட்டா?" என்பதே அவர் பேச்சு. மாமா ஒரு வண்டி செங்கல்லும் மணலும் சிமெண்டும் கேட்காமலே அனுப்பிவைத்தார். கேஸ் போட்ட தங்கச்சிக்கு இப்படிச் செய்கிற அண்ணன் உண்டா என்று அம்மா அழுதாள். நானும் நெகிழ்ந்து போனேன். அப்பா இரண்டு மாதம் அந்தச் சுவரைக் கட்டினார். கலவையில் தண்ணீர் அதிகமாகும், வரிசை கோணும், பிரித்துவிட்டு மறுபடி வைப்பார். இடுப்புயரம் வந்தது. ஊரில் எத்தனையோ சுவரை நூல் பிடித்தாற்போல் எழுப்பியவரின் கடைசிச் சுவர் பாம்பு போன மாதிரி வளைந்து நின்றது. ஆனால் நின்றது.

அடுத்து நான் வயதுக்கு வந்தேன். தாய்மாமன் சீர் இல்லாமல் எங்கள் பக்கம் மஞ்சள் நீராட்டு கிடையாது. கேஸ் நடக்கும்போது அவர் வருவாரா என்று அம்மா கலங்கினாள். மாமா மேளத்தோடு வந்தார். இருபத்தொரு தட்டு. கத்திரிப்பூ நிறத்தில் பட்டுப் பாவாடை தாவணி. பச்சை ஓலையில் குடிசை கட்டி என்னை உட்காரவைத்தார். போட்டோக்காரரையும் அவரே கூட்டிவந்திருந்தார். தெருவே சாப்பிட்டது. நடுவில் அப்பாவின் தோளில் கைபோட்டு மாடிக்குக் கூட்டிப்போனார். "உன் கைவேலையாச்சே மச்சான், அதாண்ட ஒரு போட்டோ எடுத்துக்கோ" என்றார். அப்பா புதுச்சட்டையோடு சுவரில் கையை ஊன்றி, நிமிர்ந்து நின்று எடுத்துக்கொண்டார். அன்று அவர் அத்தனை சந்தோஷமாக இருந்தார்.

விசாரணைக்கு லேபர் ஆபீசுக்குப் போன நாள் காலையில் அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டே, "உண்மையைச் சொல்லிடு. யாரையும் பாக்காதே" என்றாள். நல்ல துணி அது ஒன்றுதான் இருந்தது, அதனால் மாமா கொடுத்த பட்டுப் பாவாடையையே உடுத்தியிருந்தேன். ரயிலில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார்.

பெரிய கோர்ட் மாதிரி இல்லை. ஒரு ஆபீசர், மேசை, மின்விசிறி. இன்ஜினியர் தரப்பு வக்கீல் ஆஸ்பத்திரிப் பதிவை வாசித்தார். பிறகு ஒரு போட்டோவை எடுத்து மேசைமேல் வைத்தார். சுவரில் கையூன்றி நிற்கும் அப்பா. தான் விழுந்த இடத்தில் இனி யாரும் விழக் கூடாது என்று இவரே கட்டிய சுவர் ஐயா, ஊரே பார்த்திருக்கிறது என்றார். அம்மாவின் கை என் கையை இறுக்கியது. செங்கல் எதற்கு வந்தது, போட்டோக்காரர் எதற்கு வந்தார் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. மாமா கதவருகில் நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆபீசர் நல்லவர். அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார். அப்பா எழுந்து நின்றார். குழறாமல் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "எங்க ஊட்டு மாடிதாங்க. பச்சைக் கட்டம் போட்ட லுங்கி. கொடியிலேந்து எடுத்தேன். கால் வழுக்கிச்சி." சொல்லி முடித்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். ஒரு முழு விஷயத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை மறக்காமல் சொல்லிவிட்ட பெருமை. என் பக்கம் திரும்பி, "என் பொண்ணு கூட இருந்துதுங்க. நீயே சொல்லும்மா" என்றார்.

சங்கத்துக்காரர் எழுந்து, இவருக்கு நினைவு தப்பியது, டாக்டர் சீட்டு இருக்கிறது என்று வாதாடினார். ஆபீசர் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைக் கேட்டார்.

மாமாவுக்குப் பயந்து சொன்னேன் என்றால் உங்களுக்குப் புரிந்துகொள்ளச் சுலபமாக இருக்கும். அதுவும் உண்டு. ஆஸ்பத்திரியில் பொய் சொன்னதற்குப் பிடித்துக்கொண்டு போவார்களோ என்ற பயமும் உண்டு. ஆனால் அந்த நிமிஷம் நான் பார்த்தது அப்பாவின் முகத்தை. இல்லை என்று நான் சொன்னால், இத்தனை பேர் முன்னால் அவரிடம் மிச்சமிருந்த அந்த ஒரு ஞாபகத்தையும் நானே பிடுங்கிப் போட வேண்டும்.

"ஆமா சார். மாடியிலேர்ந்துதான்" என்றேன்.

அம்மா என் கையை விட்டாள். மனு தள்ளுபடியானது. மேலே ஹைகோர்ட் இருக்கிறது என்று சங்கத்துக்காரர் வழியில் சொன்னார், சொல்லும்போதே அவருக்கு நம்பிக்கை இல்லை. அம்மா அதற்குப் பிறகு என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்குத் தலை பின்னிவிடவும் இல்லை. மாமாவிடமும் பேசவில்லை, ஆனால் அவர் கொடுத்த வேலைக்கே போய்வந்தாள், வேறு யார் கொடுப்பார்கள். அவள் இறக்கும்வரை நாங்கள் அந்த நாளைப் பற்றிப் பேசியதில்லை.

மாமா பிறகு மேஸ்திரியிலிருந்து கான்ட்ராக்டர் ஆனார், ஐயப்பன்தாங்கலில் மூன்று மாடி எழுப்பினார். அவர் போனபோது எனக்கு நாற்பது வயது. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் காலை, அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இனி யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தளம் போட்ட நாள், கயிறு, சோடா, காதில் வழிந்த தண்ணீர், வேனில் மாமா சொல்லிக்கொடுத்தது, நான் இரண்டு இடத்தில் சொன்ன பொய். நீ வீட்டில் விழவே இல்லைப்பா, வேலையில் விழுந்தாய், உனக்குச் சேர வேண்டியதை நான்தான் கெடுத்தேன் என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை.

அப்பா கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு என் தலையில் கை வைத்தார்.

"ஆள் போன அப்பால அவன் மேல பழி போடாதம்மா" என்றார். "அன்னைக்கு நீ சின்னப் புள்ள. எதிர்க்க நின்னு ஆபீசராண்ட தைரியமா சொன்னியே, நான் பாத்துக்கினுதானே இருந்தேன். சின்னப் புள்ள பொய் சொல்லாது. இப்ப யாரோ உனக்குச் சொல்லிக் குடுத்துகிறாங்க."

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் என் கண்ணைத் துடைத்துவிட்டு, யார் அது, சொல்லு, நான் போய்க் கேட்கிறேன் என்று நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார்.